ஃபிரிஸ்கோவில் ஒரு பின்நடை

எனக்கு ராஜாக்களைக் கண்டாலே ஆகாது. பொள்ளாச்சிப் பக்கம் ஒரு பண்ணையார் வீட்டு வாசலில் என் அப்பா செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்து வளர்ந்தவள் நான். அதனால், அமெரிக்காவில் டாலஸ் பக்கத்து ஃபிரிஸ்கோவில் வீடு வாங்கிக் குடிவந்த புதிதில், "உங்க தெருக் கோடியில ஒரு ஜமீன்தார் இருக்கார், தெரியுமா?" என்று யாரோ சொன்னபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. எல்லா வீடும் ஒரே அச்சு. கராஜ் கதவுக்கு வேறு பெயிண்ட் அடிக்க வேண்டுமென்றால்கூட வீட்டுக்காரர்கள் சங்கத்திடம் கையேந்த வேண்டும். இதில் ஜமீன் எங்கிருந்து வந்தது?

அவர் பெயர் கோபாலசாமி. தென்காசிக்கு வடக்கே மலையடிவாரத்தில் உள்ள நல்லூற்று ஜமீனின் மூத்த வாரிசு. இங்கே ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் டேட்டாபேஸ் வேலை. ஒல்லி உடம்பு, வழுக்கைத் தலை, பழைய கேம்ரி கார். அனுமார் கோவில் பிரசாத வரிசையில் பின்னால் வருகிறவர்களையெல்லாம் முன்னே அனுப்பிவிட்டு, தன் முறை வரும்போது காலிப் பாத்திரத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு திரும்புவார். "அண்ணா, இப்படி இருந்தா நாட்டை எப்படிங்க ஆள்றது?" என்று நான் சீண்டுவேன். "அதான் ஆள விடலியே" என்பார்.

இந்த மனுஷரைப் பற்றி என் எண்ணம் மாறியதற்குக் காரணம் ஒரு போலீஸ்காரர்.

எங்கள் வீடுகளுக்குப் பின்னால் குளத்தைச் சுற்றி ஒரு நடைபாதை உண்டு. ஒருநாள் காலை நான் நடக்கப் போனபோது, கோபாலசாமி பின்பக்கமாக நடந்து வந்துகொண்டிருந்தார். தலையில் சைக்கிள் ஹெல்மெட். இரண்டு கைகளாலும் மார்புக்கு நேராக ஒரு விளக்குமாற்றுக் கட்டையை நட்டுக்குத்தலாகப் பிடித்திருந்தார். கண் எதிரே ஏதோ ஒன்றின்மேல் பதிந்திருந்தது. அங்கே ஒன்றும் இல்லை, இரண்டு வாத்துகள்தான் இருந்தன. யாரோ புண்ணியவான் போலீஸுக்குப் போன் போட்டிருக்கிறார். வந்த ஆபீசர் இளைஞர். இவர் உங்களுக்குத் தெரிந்தவரா என்று என்னைக் கேட்டார். தெரிந்தவர்தான், நல்லவர்தான் என்றேன், ஆனால் ஏன் இப்படி நடக்கிறார் என்று எனக்கும் தெரியாதே! கோபாலசாமி ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, "இது எங்கள் குடும்பக் கடமை, ஆபீசர்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். சொன்ன விதத்தில் வெட்கமும் இல்லை, பெருமையும் இல்லை. குப்பைத் தொட்டியை வெளியே வைக்க வந்தேன் என்று சொல்வதுபோல் இருந்தது. ஆபீசர் கொஞ்சம் யோசித்துவிட்டு, பின்னால் சைக்கிள் வரும், பார்த்து நடங்கள் என்று சொல்லிப் போய்விட்டார்.

எனக்கு அன்று வேலை ஓடவில்லை. சாயங்காலமே அவர்கள் வீட்டுக்குப் போய், அவருடைய மனைவி கண்மணியைப் பிடித்துக்கொண்டேன்.

"ஹெல்மெட் நான் வாங்கிக் குடுத்தது" என்றாள் கண்மணி, முதல் வேலையாக. "மண்டையை ஒடைச்சிக்கிட்டா நான்தானே எமர்ஜென்சிக்கு டிரைவ் பண்ணணும்?"

பிறகு விஷயத்தைச் சொன்னாள். நல்லூற்று அம்மன் பங்குனி மாதம் கோவிலை விட்டுத் தெப்பக்குளத்து மண்டபத்துக்குப் புறப்படுவாள். ஜமீனின் மூத்தவர் வெள்ளித்தடியைப் பிடித்துக்கொண்டு பல்லக்குக்கு முன்னால் நடக்க வேண்டும். அம்மனுக்கு முதுகு காட்டக் கூடாது. ஆகவே அவள் முகத்தைப் பார்த்தபடியே, கோவில் வாசலிலிருந்து மண்டபம் வரை பின்பக்கமாக நடப்பார். திரும்பிப் பார்க்கக் கூடாது, கண்ணை அவள் முகத்திலிருந்து எடுக்கக் கூடாது. இதற்குப் பின்நடை என்று பெயர்.

"அப்புறம் பாதை எப்படித் தெரியும்?" என்றேன்.

"அதுக்குத்தான் வழிச்சொல்லி."

வழிச்சொல்லியும் பரம்பரைதான். ஜமீன்தாரின் முதுகுக்குப் பின்னால், பாதையைப் பார்த்தபடி ஒருவர் நடப்பார். கல்லு, படி, பள்ளம், எடம், வலம். இந்த ஐந்து வார்த்தைகளைத் தவிர வேறு எதுவும் பேச மாட்டார். அவர் வாயிலிருந்து வார்த்தை விழுந்தால் ஜமீன்தாரின் கால் கேட்க வேண்டும். ஊரில் வரி வாங்கியவர், வழக்குத் தீர்த்தவர், அந்த ஒரு நாள் மட்டும் பின்தெருக்காரர் ஒருவர் சொன்னபடி நடப்பார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. மீதி நாளெல்லாம் யார் சொன்னபடி யார் நடந்தார்கள் என்பதும் எனக்குத் தெரியாததில்லை. அதைக் கண்மணியிடம் சொல்லவும் செய்தேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை.

"அதுலதான் எல்லாம் கெட்டுது" என்றாள்.

கோபாலசாமி காலேஜில் படித்துக்கொண்டிருந்த சமயம் அது. அந்த வருஷப் பின்நடை அவருடைய அப்பாவுடையது. வழிச்சொல்லி சுடலைமுத்து. கோபாலசாமி பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு வந்திருக்கிறார். திருவிழாவுக்குக் கலெக்டர் வந்திருந்தார். பெரியவர் அம்மன் முகத்திலிருந்து கண்ணை எடுத்து, கலெக்டரைப் பார்த்துத் தலையசைத்திருக்கிறார். அதே நேரத்தில் சுடலைமுத்து "கல்லு" என்றார். பெரியவர் காதில் அது ஏறவில்லை. மல்லாக்க விழுந்தார். வெள்ளித்தடி உருண்டு சாக்கடை ஓரம் போனது. பல்லக்கு நின்றுவிட்டது.

ஊருக்கு முன்னால் விழுந்த ஜமீன்தார் என்ன செய்வார்? வழிச்சொல்லி சொல்லவே இல்லை என்று சொல்லிவிட்டார். சுடலைமுத்துவின் தலையில் கட்டியிருந்த பரிவட்டத்தை அங்கேயே அவிழ்க்கச் சொன்னார்கள். இனி அந்தக் குடும்பம் வழி சொல்லக் கூடாது என்று தீர்ப்பு. சுடலைமுத்து குடும்பத்தோடு தூத்துக்குடிக்குப் போய் உப்பளத்தில் வேலைக்குச் சேர்ந்தார். ஊர்ப் பக்கமே திரும்பவில்லை.

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் கோபாலசாமி தன் அப்பாவிடம், "அவர் சொன்னார்ப்பா. நான் கேட்டேன்" என்று சொல்லியிருக்கிறார்.

"அப்படின்னா தடி உனக்குக் கிடையாது" என்று அப்பா எழுந்துவிட்டார்.

தடி சித்தப்பா மகனுக்குப் போனது. பெரியவர் உயிரோடு இருந்த காலமெல்லாம், வருஷா வருஷம் பங்குனி பிறந்ததும் அமெரிக்காவுக்குப் போன் வரும். சொன்னதை மாற்றிச் சொல், தடி உனக்கு. இவர் மாற்றவில்லை. ஒரு ராஜாவுக்குப் பிறந்து, பிறப்பால் வந்த ஒரே பதவியை, ஒரு வார்த்தைக்காக விட்டுவிட்டு, அதற்கப்புறமும் காலை எழுந்து ஹெல்மெட் மாட்டிக்கொண்டு அந்தப் பதவிக்கு உரிய நடையைப் பழகுகிற மனுஷரை நான் அதுவரை கிண்டல் செய்துகொண்டிருந்தேன். எனக்கு என்மேலேயே எரிச்சலாக வந்தது.

"அப்புறம் எதுக்குங்க இன்னும் பிராக்டிஸ்?" என்று அவரையே கேட்டேன்.

"தடியைத்தான் வாங்கிட்டாங்க. அம்மன் கூப்பிட்டா நடக்கத் தெரிஞ்சிருக்கணும்லா?" என்றார்.

அம்மன் கூப்பிட்டாள். அதுவும் எங்கே? ஃபிரிஸ்கோவிலேயே.

நல்லூற்றுச் சுற்றுவட்டாரத்துக் குடும்பங்கள் டாலஸ் பக்கம் நிறைய சேர்ந்துவிட்டன. எல்லாருமாகச் சேர்ந்து ஊர் அம்மனைப் போலவே ஒரு உற்சவ விக்கிரகம் செய்துகொண்டு வந்தார்கள். பங்குனிக்கு ஒரு கம்யூனிட்டி ஹாலை வாடகைக்கு எடுத்து, பின்வாசலில் தொடங்கிப் பார்க்கிங் லாட்டைச் சுற்றி முன்வாசல் வரை ஊர்வலம் என்று முடிவாயிற்று. ஊர் எனக்குச் சம்பந்தமில்லாவிட்டாலும் வாய் இருக்கிறது என்பதற்காக என்னைக் கமிட்டியில் செயலாளராகப் போட்டார்கள். தலைவர் நவநீத், துடியான பையன், எதற்கும் ஒரு ஆப் வைத்திருப்பவன். பல்லக்குத் தூக்க எட்டு சாஃப்ட்வேர் தோள்கள் தயார். பின்நடைக்கு மூத்த வாரிசே இங்கே இருக்கிறார், வேறென்ன வேண்டும்?

"வழிச்சொல்லி வேணும்" என்றார் கோபாலசாமி.

"அங்கிள், அது ஈஸி" என்றான் நவநீத். "உங்க பெல்ட்ல ஒரு ரியர் கேமரா ஃபிட் பண்ணிடலாம். நான் ஸ்கிரீனைப் பாத்து ப்ளூடூத்ல சொல்லிடறேன்."

"என்னை என்ன கார்னு நெனைச்சியாப்பா?"

எல்லாரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. "அந்த வீட்டுக் குரல் இல்லாம நான் நடக்க மாட்டேன். அம்மன் டிராலியில போகட்டும்" என்று சொல்லிவிட்டு எழுந்தார். ராஜா வேலையைக் காட்டுகிறார் பார் என்று சிலர் முணுமுணுத்தார்கள். விஷயம் தெரிந்த எனக்குத்தான் பகீரென்றது. ஏனென்றால் அந்த வீட்டுக் குரல் எங்கே இருக்கிறது என்று எனக்கு நன்றாகத் தெரியும். என் கடைவாய்ப் பற்கள் இரண்டுக்கும் ரூட் கெனால் செய்தது அந்தக் குரல்தான்.

டாக்டர் நெடுஞ்செழியன், சுடலைமுத்துவின் மகன். பக்கத்து ஊரான மெக்கினியில் பல் ஆஸ்பத்திரி வைத்திருக்கிறார். இந்த வட்டாரத்துத் தமிழர்களில் பாதிப் பேர் அவர் முன்னால் வாயைத் திறந்தவர்கள்தான். கோபாலசாமி மட்டும் பல் வலி என்றால் இன்னொரு ஊரான பிளானோவுக்கு ஓட்டிப் போவார். இருவரும் இந்தியன் கடையில் எதிரெதிரே வந்தால், ஒருவர் அரிசி பக்கம் போவார், மற்றவர் மசாலா பக்கம் போவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கோபாலசாமி என்னைக் கேட்டார், "என்கூட டாக்டர் வீட்டுக்கு வர முடியுமாம்மா? தனியாப் போனா கதவைத் திறக்க மாட்டார்." நான்தான் கார் ஓட்டினேன். இறங்குவதற்கு முன்னால் அவர், "எங்கப்பாகிட்ட நான் பேசினதை அங்க நீங்க எடுக்கக் கூடாது" என்றார்.

"ஏனுங்கண்ணா? அதைச் சொன்னாத்தானே அவருக்குப் புரியும்?"

"வீட்டுக்குள்ள நாலு சுவத்துக்கு நடுவில சொன்னது சொன்னதாகுமா? அதை இப்ப சொன்னா, அதுக்குக் கூலி கேட்ட மாதிரி இருக்கும்."

நெடுஞ்செழியன் எனக்காகத்தான் கதவைத் திறந்தார். பின்னால் நின்றவரைப் பார்த்ததும் முகம் இறுகியது. ஆனாலும் உட்காரச் சொன்னார், தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். கோபாலசாமி சுற்றிவளைக்காமல் கேட்டார். பங்குனி ஊர்வலம், பின்நடை, நீங்கள் வந்து வழி சொல்ல வேண்டும்.

"எங்க வீட்ல அந்த வேலையை விட்டுட்டோம் சார்" என்றார் நெடுஞ்செழியன். ராசா என்று அவர் அப்பா கூப்பிட்டிருப்பார். இவர் அந்த 'சார்' என்பதை அழுத்திச் சொன்னார். "எங்கம்மா உங்க அரண்மனையில பாத்திரம் கழுவுனவ. நான் இங்க வந்து, பிள்ளைகளைப் படிக்க வெச்சி, இந்த வீட்டைக் கட்டினது மறுபடி உங்களுக்குப் பின்னால நடக்கிறதுக்கா?"

"இல்ல. நான்தான் உங்க பேச்சைக் கேட்டு நடக்கணும்."

"அது ஒரு நாளைக்கு. மத்த நாளு?"

நான் கண்மணியிடம் சொன்ன அதே வார்த்தை. இருவரிடமும் எனக்குப் பாசம் உண்டு. நடுவில் உட்கார்ந்து தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருந்தேன்.

நெடுஞ்செழியன் கேட்டார், "ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. எங்கய்யா அன்னிக்குக் கல்லுன்னு சொன்னாரா, இல்லியா? சாகுற வரைக்கும் அதையேதான் சொல்லிட்டிருந்தாரு. ஆஸ்பத்திரிப் படுக்கையில மயக்கத்துலகூட, 'சொன்னனே, நான் சொன்னனே'ன்னு."

"சொன்னார். தெளிவாச் சொன்னார். நான் குடை பிடிச்சிட்டுப் பக்கத்துல நின்னேன்."

"அப்ப ஏன் நீங்க சொல்லல?"

என் வாய் சும்மா இருக்குமா? "டாக்டர், இவர் அவங்கப்பாகிட்ட..." என்று ஆரம்பித்துவிட்டேன். கோபாலசாமி என்னைப் பார்த்தார். அப்படி ஒரு பார்வையை அந்தச் சாதுவிடம் நான் அதற்கு முன் பார்த்ததில்லை. வாயை மூடிக்கொண்டேன். மீதியை இன்றுவரை நெடுஞ்செழியனிடம் யாரும் சொல்லவில்லை. இதைப் படித்தால் தெரிந்துகொள்ளட்டும், எனக்கு ஒன்றும் பயமில்லை.

"ஊர் நடுவுல நின்னு சொல்லியிருக்கணும். சொல்லல" என்றார் கோபாலசாமி. "தப்புதான்."

எழுந்தோம். நெடுஞ்செழியன் வாசல் வரை வந்தார். நான் முன்னால் இறங்கிக் கார் பக்கம் போய்த் திரும்பிப் பார்த்தால், கோபாலசாமி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். இரண்டு கைகளையும் மார்புக்கு நேராகக் கூப்பினார். நெடுஞ்செழியன் முகத்தைப் பார்த்தபடியே, ஒரு அடி பின்னால் வைத்தார். பிறகு இன்னொரு அடி. நல்லூற்று ஜமீனில் அம்மனைத் தவிர யாருக்கும் செய்யாத மரியாதை அது. அது என்னவென்று இந்த மெக்கினி நகரத்திலேயே புரிந்தவர் ஒருவர்தான் இருந்தார், அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு கல்லாக நின்றார்.

அந்த வீட்டு முன்வாசலிலிருந்து கார் நிற்கும் டிரைவ்வேக்கு மூன்று படிகள். ஓரம் கூரான அலங்காரக் கல். ஹெல்மெட்டும் இல்லை. கத்தலாமா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை. கோபாலசாமியின் குதிகால் விளிம்பைத் தொட்டது.

"படி" என்றது ஒரு குரல். மெதுவாகத்தான்.

கோபாலசாமியின் கால் இறங்கியது. மூன்று படிகளையும் அப்படியே இறங்கி, கார் வரை வந்தார். நெடுஞ்செழியன் கதவைச் சாத்திக்கொண்டார்.

"வருவாரா அண்ணா?" என்றேன், காரை எடுத்துக்கொண்டே.

"தெரியல. அவர் இஷ்டம்" என்றார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி துடைத்தார்.

ஊர்வலத்தன்று காலையில் டெக்சாஸ் காற்று பந்தலையே தூக்கிக்கொண்டு போகப் பார்த்தது. அம்மன் பச்சைப் பட்டில் பல்லக்கில் உட்கார்ந்திருந்தாள். கோபாலசாமி வேட்டி கட்டி, வெள்ளி பெயிண்ட் அடித்த மரத்தடியுடன் ஓரமாக நின்றார். நடக்கப் போகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. நவநீத் கேமராவைப் பையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். ஹால்காரர்கள் கொடுத்த நேரம் ஓடிக்கொண்டிருந்தது. சரி, டிராலியைக் கொண்டுவாங்க என்று நான் சொல்ல வாயெடுத்தேன்.

அப்போது ஒரு பெரிய எஸ்யூவி வந்து நின்றது. நெடுஞ்செழியன் வேட்டியில் இறங்கினார். யாரையும் பார்க்காமல் நேராக நடந்து வந்தார். பரிவட்டத் துணி தட்டில் இருந்தது. அர்ச்சகர் யாருக்கு முதலில் கட்டுவது என்று தடுமாறினார். கோபாலசாமி தன் தலையைத் தாழ்த்தவில்லை. கையை மட்டும் நீட்டி நெடுஞ்செழியனைக் காட்டினார். வெள்ளைத் துணி முதலில் வழிச்சொல்லியின் தலையில் ஏறியது. மேளம் தொடங்கியது.

நான் எத்தனையோ திருவிழா பார்த்திருக்கிறேன். இதைப்போல ஒன்றைப் பார்த்ததில்லை. கோபாலசாமி அம்மன் முகத்திலேயே கண்ணை வைத்து, தடி ஆடாமல், பின்பக்கமாகவே வந்தார். அவருக்கு முதுகு கொடுத்து, முன்னால் பார்த்தபடி நெடுஞ்செழியன் நடந்தார். "எடம்." கால் இடப்பக்கம் நகர்ந்தது. "படி." நடைபாதை விளிம்பில் கால் இறங்கியது. "பள்ளம்." மழைத்தண்ணீர்க் கால்வாயைத் தாண்டியது. பல் டாக்டரின் ஆஸ்பத்திரிக் குரல் இல்லை அது. அடிவயிற்றிலிருந்து வந்தது. அவர் அப்பாவின் குரல் அப்படித்தான் இருக்கும் என்று என் பக்கத்தில் நின்ற நல்லூற்றுக்காரர் ஒருவர் அழுதுகொண்டே சொன்னார்.

பார்க்கிங் லாட்டின் பாதிச் சுற்றுக்கு மேல் போயிருக்கும். புதிதாகத் தார் போட்ட இடம், நல்ல சமதளம். வெயிலில் பளபளவென்று இருந்தது.

"கல்லு" என்றார் நெடுஞ்செழியன்.

நான் குனிந்து பார்த்தேன். அங்கே கல் இல்லை. ஒரு ஜல்லிகூட இல்லை.

கோபாலசாமி திரும்பவில்லை, தயங்கவில்லை. வலது காலை முழங்கால் உயரத்துக்குத் தூக்கி, அகலமாகப் பின்னால் வைத்தார். இடது காலையும் அதேபோலத் தூக்கி வைத்தார். கண் அம்மனை விட்டு நகரவில்லை, ஆனால் கன்னம் நனைந்திருந்தது. நெடுஞ்செழியனின் தோள் குலுங்கியது. தோள் துண்டால் முகத்தை ஒருமுறை துடைத்துக்கொண்டார். பிறகு, "வலம்" என்றார். ஊர்வலம் திரும்பியது.

பல்லக்கு அந்த இடத்துக்கு வந்தது. முன்னால் தூக்கியவர்கள் காலைத் தூக்கித் தாண்டினார்கள், பின்னால் வந்தவர்களும் தாண்டினார்கள், யாரும் யாரையும் ஏன் என்று கேட்கவில்லை. எனக்கு ராஜாக்களைக் கண்டால் இப்போதும் ஆகாதுதான். ஆனாலும் அந்த இடம் வந்தபோது, புடவையைக் கையில் பிடித்துக்கொண்டு, நானும் காலைத் தூக்கித் தாண்டினேன்.